அளக்கப்போய்த் தொலைந்த ஆறு மில்லிமீட்டர்

ஜூன் 3

நாத்தனார் அவர்களுக்கு,

அண்ணி ஏன் போன் எடுக்கிறதில்லைன்னு உங்க அண்ணன்கிட்ட கேட்டீங்களாம். போன்ல பேசினா நீங்க குறுக்கே பேசுவீங்க, நான் கத்துவேன், கடைசியில நடுவுல நிக்கிற அந்த மனுஷனுக்குத்தான் தலைவலி. எழுத்துன்னா நான் முடிக்கிற வரைக்கும் நீங்க வாயை மூடிக்கிட்டுப் படிச்சுத்தான் ஆகணும். அதனாலதான் இந்த மெயில்.

உங்களுக்குத் தெரிஞ்சதுதான், இருந்தாலும் என் வாயால ஒரு தடவை சொல்லிடறேன். எங்க பட்டறையில செயற்கைக்கால் செய்யறோம். வெட்டுப்பட்ட காலோட நுனி போய் உட்கார்ற கிண்ணம் இருக்கே, சாக்கெட், அதைக் கம்ப்யூட்டர்ல வடிவமைக்கிறது என் வேலை. ரெண்டு வருஷமா நீங்க எழுதிக் கொடுத்த மென்பொருள்லதான் செய்யறேன். போன மாசம் ஒரு தையல்காரம்மாவுக்குச் செஞ்ச சாக்கெட்ல எலும்பு நுனிக்கு நேரா ஆறு மில்லிமீட்டர் இடைவெளி இருந்திருக்கணும். இல்லை. சுத்தமா இல்லை. அந்தம்மா பத்து நாள் பல்லைக் கடிச்சுக்கிட்டு மிஷின் மிதிச்சிருக்காங்க. புண்ணாகி, இப்போ காலைக் கழட்டி மூலையில வெச்சுட்டு உட்கார்ந்திருக்காங்க.

எங்க தலைமை டெக்னீஷியனை உங்களுக்குத் தெரியும். சட்டைப் பையில தடிமன் அளக்கிற காலிப்பர் இல்லாம சாப்பிடக்கூட உட்கார மாட்டார், அதனால முதுகுக்குப் பின்னாடி அவருக்குக் காலிப்பர்னே பேரு. எப்போ என்ன செஞ்சோம்னு மென்பொருள் தானா குறிச்சு வைக்கிற பதிவை அவர் உங்ககிட்ட கேட்டார். நீங்க அன்னிக்கே அனுப்பிட்டீங்க. அதுல ரெண்டு வரிக்குக் கீழே அவர் சிவப்புக் கோடு போட்டு வெச்சிருக்கார்: மே 6, மாலை 4.52, ‘இழு’, உள்பக்கமா ஆறு மில்லிமீட்டர். அதே 4.52, சேமிப்பு. அதாவது சுவரை நானே உள்ளே இழுத்து, நானே சேமிச்சு, நானே பையை எடுத்துக்கிட்டு வீட்டுக்குப் போயிட்டேன்.

நான் இழுக்கலை. அளந்தேன்.

அனுப்பறதுக்கு முன்னாடி என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். நானா போன் பண்ணிக் கேட்டப்போ, “கை தவறியிருக்கும் அண்ணி, யாருக்கும் நடக்கும்”னீங்க. யாருக்கும் நடக்கட்டும், எனக்கு நடக்கலைன்னு சொல்றேன். இப்போ நான் ஸ்க்ரீன் முன்னாடி உட்காரவே கூடாது. பிளாஸ்டர் கலக்கிக்கிட்டு இருக்கேன். 28ஆம் தேதி கூட்டத்துல முடிவு பண்ணுவாங்களாம், நான் மறுபடி வடிவமைக்கலாமா, இல்லை ஆயுசுக்கும் கலவைத் தொட்டிதானான்னு.

ஒரே ஒரு கேள்விக்குப் பதில் சொல்லுங்க. நான் அளக்கிறேன்னு நினைச்சப்போ, உங்க மென்பொருள் என்ன நினைச்சுது?

உங்க அண்ணி


ஜூன் 5

அண்ணி,

‘அவர்களுக்கு’ன்னு பார்த்ததுமே சூடு இன்னும் ஆறலைன்னு புரிஞ்சுது. சண்டை வந்தா மட்டும்தான் இந்த வீட்டுல எனக்கு மரியாதை.

பதிவை அனுப்பினது தப்புன்னு நான் நினைக்கலை. குடும்பம்னு சொல்லி ஒரு நாள் தாமதிச்சிருந்தாலும், ரெண்டு பேரும் சேர்ந்து ஏதோ அழிச்சுட்டோம்னு பேச்சு வந்திருக்கும். முன்னாடியே உங்ககிட்ட சொல்லாததுதான் தப்பு. அதுக்கு மன்னிச்சுடுங்க. ஆனா பதிவு பொய் சொல்லாது அண்ணி. ‘இழு’ன்னு எழுதியிருந்தா அந்த நொடியில மென்பொருள் இழுக்கிற முறையிலதான் இருந்துச்சு. அதுல எனக்குச் சந்தேகமே இல்லை.

ஆனா உங்க கடைசிக் கேள்வி ரெண்டு நாளா என்னை உட்கார விடலை. பல் தேய்க்கும்போதுகூட அதுதான். மென்பொருள் ஒண்ணும் நினைக்காது. இப்போ எந்த முறைன்னு ஒரு பேரை மட்டும் கையில வெச்சுக்கும். பார், அள, இழு, மூணுல ஒண்ணு. மவுஸை அமுக்கினா அந்தப் பேருக்கு ஏத்த வேலையைச் செய்யும். அது ‘இழு’ன்னு வெச்சிருந்தது நிச்சயம். நீங்க ‘அள’ன்னு நினைச்சதும் நிச்சயம்னா, உங்களை நம்ப வெச்சது எதுன்னு கண்டுபிடிக்கணும்.

அதனால கேக்கறேன், கோவிச்சுக்காதீங்க. அம்புக்குறி எப்படி இருந்துச்சு? மேலே எந்தப் பொத்தான் எரிஞ்சுது? கீழே என்ன எண் வந்துச்சு? ஞாபகம் இல்லைன்னா இல்லைன்னே எழுதுங்க, ஊகம் வேண்டாம்.

நாத்தனார்


ஜூன் 8

நாத்தனாருக்கு,

(‘அவர்கள்’ இல்லை, கவனிச்சுக்கோங்க. பாதி மன்னிப்புக்குப் பாதி மரியாதை குறைச்சாச்சு.)

ஞாபகம் இல்லாம என்ன? சேமிக்கிறதுக்கு முன்னாடி நான் ஒரு காரியம் செய்யாம இருந்ததே இல்லை. சாக்கெட்டைக் குறுக்கே வெட்டின படத்தைத் திறப்பேன். எலும்பு நுனிக்கு நேரா, சுவர்ல மவுஸை வெச்சு அமுக்கி, தோல் கோடு வரைக்கும் கொண்டுபோய் விடுவேன். வர்ற எண்ணை நோட்டுல எழுதுவேன். அப்புறம்தான் சேமிப்பு. மே 6 பக்கத்தை இப்போ எதிர்ல வெச்சுக்கிட்டுத்தான் எழுதறேன். ‘நுனி இடைவெளி 6.0’னு என் கையெழுத்துல இருக்கு. அம்புக்குறி சின்ன அளவுகோல் படமா இருந்துச்சு. ‘அள’ பொத்தான்தான் எரிஞ்சுது. வேற மாதிரி இருந்திருந்தா நான் அமுக்கியிருக்கவே மாட்டேன்.

பதிவுலயும் ஆறு, என் நோட்டுலயும் ஆறு. இது எப்படின்னு யோசிச்சீங்களா? நான் அளந்ததும் உங்க மென்பொருள் இழுத்ததும் ஒரே தூரம்.

எனக்குள்ளயும் இப்போ ஏதோ ஊர ஆரம்பிச்சிருச்சு. நீங்க எப்பவோ வீட்டுக் கம்ப்யூட்டர்ல போட்டுக் கொடுத்த பிரதியைத் திறந்தேன். உங்க அண்ணன் பக்கத்துல உட்கார்ந்து கோடு போட்டு எண்ணினார். அறுபத்து மூணு தடவை அளந்தேன். அறுபத்து மூணு தடவையும் ஒழுங்காத்தான் அளந்துச்சு. அவர் நடுவுல ரெண்டு தடவை தூங்கிட்டார், அதனால அறுபத்தஞ்சாக்கூட இருக்கலாம்.

ஒண்ணு மட்டும் விளங்கலை. என் கையில இருக்கிறது ஒரே மவுஸ், அமுக்கறது ஒரே விரல். எப்போ எந்த வேலைன்னு யார் முடிவு பண்றாங்க? என் தங்கச்சி பொண்ணுக்குச் சொல்ற மாதிரி சொல்லுங்க.

அண்ணி


ஜூன் 11

அண்ணி,

ரெண்டு ஆறும் ஒண்ணுங்கிறது எனக்குத் தோணவே இல்லை. எனக்கு நானே குட்டிக்கிட்டேன். அளந்தாலும் இழுத்தாலும் மவுஸ் போன தூரத்தைக் கீழே அதே மூலையில, அதே எழுத்துல காட்டற மாதிரிதான் எழுதியிருக்கேன். அப்போ சிக்கனமா எழுதறோம்னு ஒரு பெருமை. உங்க நோட்டுல இருக்கிற ஆறு அளவு இல்லை அண்ணி, நகர்ந்த தூரம். இடைவெளி எவ்வளவுன்னு நீங்க பார்த்த அசைவே இடைவெளியை மூடியிருக்கு. படம் ஏன் அப்பவே மாறலைன்னு கேப்பீங்க. உங்க பட்டறைக் கம்ப்யூட்டர் பழசு, உருவத்தைத் திரும்ப வரைய ரெண்டு நொடி எடுக்கும். நீங்க அதுக்குள்ள சேமிச்சு மூடியிருப்பீங்க.

இப்போ உங்க கேள்வி. மென்பொருளை மூணு அடுக்கா எழுதியிருக்கேன். அடியில இருக்கிறது சரக்கு, அதாவது சாக்கெட்டோட உருவம், அளவுகள். அதுக்கு மாடல்னு பேரு. மேலே இருக்கிறது நீங்க பார்க்கிற முகப்பு, பொத்தான், படம், அம்புக்குறி. அது வியூ. ரெண்டுக்கும் நடுவுல ஒரு ஆள், வியூமாடல். இந்த ஏற்பாட்டை எம்.வி.வி.எம்.னு சொல்வோம். முகப்பு தானா எதையும் முடிவு பண்ணக் கூடாது. “மவுஸை அமுக்கினாங்க, இந்த இடத்துல”ன்னு நடுவுல இருக்கிறவர்கிட்ட சொல்லணும், அவ்வளவுதான். எந்த முறைன்னு நினைவு வெச்சிருக்கிறதும், சரக்கைத் தொடலாமா வேண்டாமான்னு முடிவு பண்றதும் அவர். அவர் சொல்றதை முகப்பு அப்படியே காட்டணும். அண்ணனை நினைச்சுக்கோங்க, நம்ம ரெண்டு பேருக்கும் நடுவுல அவர் பண்றது அதேதான். என்ன, வியூமாடல் நடுவுல தூங்காது.

நான் இங்கே இருநூறு தடவை செஞ்சு பார்த்தேன். ஒண்ணுமே ஆகலை. என் கையில வராத ஒண்ணு உங்க கையில வந்திருக்கு. அப்போ வித்தியாசம் மென்பொருள்ல மட்டும் இல்லை, நீங்க உட்கார்ற விதத்துலயும் இருக்கு. மேஜையில என்னென்ன இருக்கு, எந்தக் கை எங்கே இருக்கும், அளக்கிறதுக்கு முன்னாடி எதைத் தொடுவீங்க, ஒண்ணு விடாம எழுதுங்க. டீ கிளாஸ் வரைக்கும்.

நாத்தனார்


ஜூன் 14

ஏய் பொண்ணே,

வந்துருச்சு! வந்துருச்சுடி!

மூச்சு வாங்குது, இரு, வரிசையா எழுதறேன். நீ மேஜையைப் பத்திக் கேட்டதும் மதியம் எல்லாரும் சாப்பிடப் போனப்போ என் பழைய இடத்துக்குப் பின்னாடி போய் நின்னேன். உட்காரத்தான் கூடாது, நிக்கக் கூடாதுன்னு காலிப்பர் சொல்லலையே. ரெண்டு ஸ்க்ரீன். வலதுல உன் மென்பொருள், இடதுல டாக்டர் அனுப்பற அளவுத்தாள். டீ கிளாஸ் வைக்க இடமே இல்லை, கேட்டியேன்னு சொல்றேன். கண்ணை மூடிக்கிட்டு என் கை என்ன செய்யும்னு காத்துல செஞ்சு பார்த்தேன். அந்தப் பக்கம் போன பாலிஷ் போடறவர் பயந்துட்டார், சாமி வந்துருச்சுன்னு நினைச்சாரோ என்னவோ.

இடது கட்டைவிரல், நாத்தனாரே. அது கீபோர்டுல கன்ட்ரோல் பொத்தான் மேலேயே கிடக்கும். அளக்கிற முறையில இருக்கும்போதே கன்ட்ரோலை அமுக்கினா கொஞ்ச நேரத்துக்கு இழுக்கலாம், விட்டா மறுபடி அளவுன்னு நீதானே வெச்சிருக்கே. அப்படித்தான் விளிம்பைக் கொஞ்சம் கொஞ்சம் சரி பண்ணுவேன். பண்ணிட்டு, கட்டைவிரலை எடுக்காமலே இடது ஸ்க்ரீனுக்குப் போய் அளவுத்தாளைக் கிளிக் பண்ணி, மவுஸ் சக்கரத்தை உருட்டி எழுத்தைப் பெருசாக்கிப் படிப்பேன். அதுக்கும் கன்ட்ரோல்தானே? படிச்சு முடிச்சுட்டு அங்கேயே கட்டைவிரலை எடுப்பேன். அப்புறம் வலதுக்கு வந்து அளப்பேன்.

வீட்டுல ரெண்டாவது ஸ்க்ரீனுக்கு எங்கே போறது? உன் அண்ணன் டிவியைக் கழட்டி மேஜை மேலே ஏத்தினார், மேட்சைப் பாதியில விட்டுட்டு. அது எவ்வளவு பெரிய தியாகம்னு உனக்கே தெரியும். முதல் தடவையே வந்துச்சு. அம்புக்குறி அளவுகோல், பொத்தான் ‘அள’, கீழே 6.0. நான் சேமிக்காம ரெண்டு நொடி கையைக் கட்டிக்கிட்டுப் பார்த்தேன். சுவர் மெதுவா உள்ளே போச்சு. உன் அண்ணன் “ஐயையோ”ன்னார். எனக்கு அழுகையே வந்துருச்சு. ஒரு மாசமா ராத்திரி பகல் எனக்கே என் கை மேல சந்தேகம், தெரியுமா?

பன்னிரண்டு தடவை திரும்பச் செஞ்சோம். பன்னிரண்டு தடவையும் வந்துச்சு. வீடியோவை அவர் அனுப்புவார். அது ஏன் அப்படின்னு எனக்குச் சொல்லு, சீக்கிரம்.

அண்ணி


ஜூன் 15

அண்ணி,

வீடியோவை ஒன்பது தடவை பார்த்தேன். சரியா நீங்க சொன்னதுதான்.

கன்ட்ரோலை அமுக்கினதும் நடுவுல இருக்கிறவர் ‘இழு’ன்னு மாறிக்கிறார். விட்டா ‘அள’வுக்குத் திரும்பணும். ஆனா நீங்க விட்டது வேற ஜன்னல்ல, அளவுத்தாள் திறந்திருக்கிற விண்டோவில. விட்ட சேதி அந்த ஜன்னலுக்குத்தான் போகும், எங்களுக்கு வரவே வராது. அவர் பாவம், நீங்க இன்னும் அமுக்கிக்கிட்டு இருக்கீங்கன்னே நம்பி ‘இழு’விலேயே நிக்கிறார். நான் எப்பவும் ஒரே ஸ்க்ரீன், ஜன்னலை முழுசா விரிச்சு வெச்சுப்பேன். ஆயுசுக்கும் எனக்கு அது வந்திருக்காது.

அது ஒரு ஓட்டை. அதை மட்டும்னா மன்னிக்கலாம், அம்புக்குறி இழுக்கிறதுக்கான கை படமா இருந்திருக்கும், நீங்க பார்த்து நிறுத்தியிருப்பீங்க. அம்புக்குறி விஷயத்துல நான் செஞ்சதுதான் அசிங்கம். மவுஸ் திரும்ப ஜன்னலுக்குள்ள வரும்போது என்ன படம் காட்டறதுன்னு நடுவுல இருக்கிறவரைக் கேட்டிருக்கணும். கேக்கலை. அவசரத்துல முகப்புலயே ஒரு வரி எழுதிட்டேன், “எந்தப் பொத்தான் எரியுதோ அந்தப் படத்தைப் போடு”ன்னு. கன்ட்ரோலை அமுக்கித் தற்காலிகமா இழுக்கும்போதும் ‘அள’ பொத்தான்தான் எரியும். முகப்பு தானா முடிவு பண்ணக் கூடாதுன்னு நாலு நாள் முன்னாடி உங்களுக்குப் பாடம் எடுத்தேன் பாருங்க, அந்த விதியை மீறினதே நான்தான்.

பதிவையும் திரும்ப எடுத்துப் பார்த்தேன். 4.49க்கு ‘தற்காலிக இழு, தொடக்கம்’னு ஒரு வரி இருக்கு. ‘முடிவு’ன்னு வரியே இல்லை. பதிவு பொய் சொல்லலை. நான்தான் கடைசி ரெண்டு வரியைப் படிச்சுட்டு உங்க தலையில கட்டிட்டேன்.

இனிமேதான் எழுதக் கஷ்டமா இருக்கு. இந்த மென்பொருள் உங்க பட்டறை மட்டும் இல்லை, இன்னும் பதினோரு பட்டறையில ஓடுது. இதுதான் என் பிழைப்பு, என் பேரு. ரெண்டு நாள்ல சரி பண்ணிடுவேன். ‘சிறு திருத்தங்கள்’னு போட்டு புதுப் பதிப்பா எல்லாருக்கும் அனுப்பிடறேன். உங்க காலிப்பர்கிட்ட மட்டும், மென்பொருள்லயும் ஒரு குழப்பம் இருந்திருக்கலாம்னு எழுதறேன். உங்க வேலை திரும்பக் கிடைச்சுடும். அது போதும்தானே அண்ணி? யோசிச்சுச் சொல்லுங்க.

நாத்தனார்


ஜூன் 16

நாத்தனாருக்கு,

உன் அண்ணன் உன் மெயிலைப் படிச்சுட்டு, “பாவம், சின்னப் பொண்ணு, விட்டுடு”ன்னார். முப்பத்தஞ்சு வயசுல என்ன சின்னப் பொண்ணு? நேத்து சாயங்காலம் வரைக்கும் எனக்கும் விட்டுடலாம்னுதான் இருந்துச்சு. என் வேலை திரும்ப வருதே, போதும்னு.

அப்புறம் டம்ளர் கழுவும்போது ஒரு கேள்வி வந்து மாட்டிக்கிச்சு. சேமிக்கிறதுக்கு முன்னாடி கடைசியா ஒரு தடவை அளக்கிறது யார் செய்வாங்க? அரைகுறையா வேலை செய்யறவங்களா? அவங்க நேரா சேமிச்சுட்டு டீ குடிக்கப் போவாங்க, அவங்க சாக்கெட் பத்திரமா இருக்கும். ஜாக்கிரதையா இருக்கிறவங்க கையிலதான் இது நடக்கும். அந்தப் பதினோரு பட்டறையில என்னை மாதிரி எத்தனை பேர் அளந்திருப்பாங்க? அவங்க செஞ்ச காலைப் போட்டுக்கிட்டு எத்தனை பேர் நடக்கிறாங்க? நீ சத்தமில்லாம சரி பண்ணினா இனிமே செய்யறது சரியா இருக்கும். ஏற்கெனவே செஞ்சது?

என் பங்குக்கு ஒண்ணு சொல்லணும், உன்னை மட்டும் குத்தம் சொல்ல எனக்கு வாய் இல்லை. அந்தம்மா சாக்கெட் அச்சுல இருந்து வந்ததும் விரலை விட்டுப் பார்த்தேன். நுனியில கொஞ்சம் இறுக்கமா பட்டுச்சு. பட்டுச்சுன்னு சத்தியமா சொல்றேன். நோட்டைப் பார்த்தேன், 6.0ன்னு இருந்துச்சு, சரின்னு கையெழுத்துப் போட்டேன். விரல் சொன்னதை விட்டுட்டு எண்ணை நம்பினேன். இதைக் காலிப்பர்கிட்ட நானே சொல்லப் போறேன், 28ஆம் தேதி, எல்லாருக்கும் முன்னாடி. அதுக்கப்புறம் தொட்டியோ ஸ்க்ரீனோ, எது கொடுத்தாலும் சரி.

நீ என்ன செய்யணும்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா அந்தப் ‘போதும்தானே’ங்கிற கேள்வியை இனிமே என்கிட்ட கேக்காதே.

இன்னொண்ணு. என் அளவு டேப்பால நான் எதையாவது வெட்ட முடியுமா? அளக்கிற முறைக்கு உருவத்தைத் தொடற வசதியே எதுக்குக் கொடுத்தே?

அண்ணி


ஜூன் 21

அண்ணி,

உங்க மெயிலைப் படிச்சுட்டு ஒரு நாள் முழுக்க உங்க மேல கோபமா இருந்தேன். அண்ணனுக்கு போன் பண்ணி, “உன் பொண்டாட்டிக்கு மனசே இல்லையா”ன்னுகூட கேட்டேன். அவர், “இருக்கு, அதான் பிரச்சினை”ன்னுட்டு வெச்சுட்டார். தூங்காம பேசினது அதிசயம்.

அப்புறம் பன்னிரண்டு பட்டறைக்கும் எழுதினேன். ‘சிறு திருத்தங்கள்’ இல்லை. என்ன தப்பு, அது எப்படி வரும், நான் எந்த வரியில செஞ்சேன்னு எழுதி, உங்க வீடியோவையும் சேர்த்து, எல்லாரோட பதிவையும் அனுப்பச் சொல்லிக் கேட்டேன். மூணு பட்டறை பதிலே போடலை. ஒரு பட்டறை, இனிமே உங்க மென்பொருள் வேண்டாம்னுட்டாங்க. ஒருத்தர் போன் பண்ணி அரை மணி நேரம் திட்டினார். கேட்டுக்கிட்டேன்.

வந்த பதிவுகள்ல ‘தொடக்கம்’ இருந்து ‘முடிவு’ இல்லாத இடமா கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுக்கிட்டுத் தேடினேன். மொத்தம் ஆறு சாக்கெட், தையல்காரம்மாவோட சேர்த்து. நாலு பேருக்குப் போட்டுப் பார்க்கும்போதே பட்டறையில சுரண்டிச் சரி பண்ணிட்டாங்களாம், ஏன் இறுக்கம்னு யாருமே கேக்கலை. மிச்சம் ஒருத்தர் இங்கே என் ஊர்லயே இருக்கிற பட்டறையில செஞ்சுக்கிட்டவர். பெயிண்டர். ஒரு தடவை வலின்னு வந்தாராம், அப்புறம் வரவே இல்லையாம். “பழகிட்டிருக்கும்”னு அந்தப் பட்டறைக்காரர் சொன்னார்.

இப்போ மென்பொருளை மாத்திட்டேன். பார், அள, இழு மூணுக்கும் தனித்தனி ஆளு. நடுவுல இருக்கிறவர் கையில ஒரு நேரத்துக்கு ஒருத்தர்தான். மவுஸ் அமுக்கினது, நகர்ந்தது, விட்டது மூணும் அந்த ஒருத்தருக்கு மட்டும் போகும். அம்புக்குறி, எரியற பொத்தான், கீழே வர்ற எண்ணோட பேரு எல்லாமே அவர்கிட்ட கேட்டுத்தான் காட்டும், முகப்புக்குன்னு சொந்த யோசனை கிடையாது. ஜன்னலை விட்டு வெளியே கிளிக் பண்ணினா தற்காலிகம் எதுவா இருந்தாலும் அந்த நொடியே ரத்து. அளக்கிறவருக்கு உருவத்தைப் பார்க்க மட்டும்தான் முடியும், தொட வழியே இல்லை. அந்தக் கடைசி யோசனை உங்களுது. பத்து வருஷமா இதே தொழில் பண்றேன், எனக்கு வரலை.

நாத்தனார்


ஜூன் 29

நாத்தனாருக்கு,

நேத்து கூட்டம் முடிஞ்சுது. காலிப்பர் உன் கடிதத்தை எழுத்து விடாம சத்தமா படிச்சார். நான் விரல் விஷயத்தைச் சொன்னேன். கொஞ்ச நேரம் காலிப்பரைத் திறந்து மூடி, திறந்து மூடிக்கிட்டே இருந்தார். அப்புறம், “விரலுக்கு இறுக்கமா பட்டா எண் என்ன சொன்னாலும் திரும்பச் செய்யணும், இது எல்லாருக்கும்”னு சொல்லிட்டு என் மேஜைச் சாவியைத் திரும்பக் கொடுத்தார். திங்கட்கிழமையில இருந்து என் இடத்துல நான். மொதல்ல தையல்காரம்மாவுக்குப் புதுசு. அவங்ககிட்ட நடந்ததைச் சொன்னேன். திட்டினாங்க, நல்லாவே திட்டினாங்க. புண்ணு ஆறிட்டு வருது.

சந்தோஷப்பட்டு எழுத உட்கார்ந்தேன். ஆனா அந்த பெயிண்டர் தொண்டையில முள்ளா நிக்கிறார். ஒண்ணு சொல்றேன், கேட்டுக்கோ. வலிக்குதுன்னு வந்து மேஜையைத் தட்டிச் சண்டை போடறவங்களைப் பத்தி எனக்குக் கவலையே இல்லை, அவங்க சரியான காலை வாங்காம போக மாட்டாங்க. வராம போறவங்கதான் எனக்குப் பயம். ஆறு மில்லிமீட்டர் யாருக்கும் பழகாது.

போன் பண்ணாதே. நேர்ல போ.

அண்ணி


ஜூலை 2

அண்ணி,

போயிட்டு வந்தேன். உடனே எழுதலைன்னா எழுத மாட்டேன்னு பஸ் ஸ்டாப்புல உட்கார்ந்து போன்லயே அடிக்கிறேன்.

மாடி வீடு, இருபத்து ரெண்டு படி. அவர் கக்கத்துல கட்டையை வெச்சுக்கிட்டுத்தான் கதவைத் திறந்தார். கால் எங்கேன்னு கேட்டேன். பீரோ மேல துணி சுத்தி வெச்சிருந்தார். நான் பட்டறையில இருந்து வரலை, அந்த சாக்கெட் செய்யற மென்பொருளை எழுதினவள்னு சொன்னேன். அவருக்கு ஒண்ணும் புரியலை. நாற்காலி போட்டு, தண்ணி கொடுத்து, என்னை ஏதோ சர்வே எடுக்க வந்தவள்னு நினைச்சு மரியாதையா பேசிக்கிட்டிருந்தார்.

முதல் வாரமே வலிச்சுதாம். பட்டறையில போய்ச் சொன்னப்போ, “அளவெல்லாம் சரியா இருக்கு, உங்க கால்தான் வீங்கியிருக்கும்”னு அளவுத்தாளைக் காட்டியிருக்காங்க. வீக்கம்னா உப்பைக் குறைக்கணும்னு யாரோ சொன்னாங்களாம். எட்டு மாசம் அண்ணி. எட்டு மாசமா அந்த மனுஷன் உப்பில்லாம சாப்பிடறார். தினமும் காலையில துணியை வெச்சு அந்த நுனியை இறுக்கிக் கட்டிக்கிட்டு, வத்திடுச்சா வத்திடுச்சான்னு காலைப் போட்டுப் போட்டுப் பார்த்திருக்கார். தன் உடம்புதான் சரியில்லைன்னு திரும்பப் போய்ச் சொல்லக் கூச்சப்பட்டுட்டு அப்படியே விட்டுட்டாராம். ஏணி ஏறி எட்டு மாசம் ஆச்சு.

நான் சொன்னேன். அளவுகோல் படம், கன்ட்ரோல் பொத்தான் எல்லாம் சொல்ல ஆரம்பிச்சு பாதியில நிறுத்திட்டேன். “எண் தப்புங்க, நான் எழுதினது தப்பு, உங்க கால் வீங்கவே இல்லை”ன்னேன். “அப்போ என் கால்ல ஒண்ணும் இல்லையா?”ன்னார். இல்லைங்கன்னேன். மறுபடியும் அதையே கேட்டார். மறுபடியும் சொன்னேன். மன்னிச்சுடுங்கன்னு சொல்லணும்னுதான் வழி முழுக்க மனசுல ஒத்திகை பார்த்துக்கிட்டு வந்தேன், வாயில வரவே இல்லை.

வர்ற புதன்கிழமை அவரை அங்கே கூட்டிட்டு வரேன். உங்க பட்டறையில, உங்க கையாலதான் செய்யணும்னு காலிப்பர்கிட்ட சொல்லிடுங்க. அவரும் வரேன்னுட்டார்.

நான் செருப்பு மாட்டிக்கிட்டு இருக்கும்போது அவர் சமையல்கட்டுல இருந்த வீட்டுக்காரம்மா பக்கம் திரும்பிச் சத்தமா சொன்னார், “ஏம்மா, இன்னிக்கு எனக்கு உப்பு போட்டுடு.” உள்ளே கரண்டிச் சத்தம் நின்னுது. அந்தம்மா வெளியில வர்றதுக்குள்ள நான் படி இறங்கிட்டேன் அண்ணி, அவங்க முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

நாத்தனார்